அடுத்தவர் கல்யாணத்தின் பின்பக்கம்

மத்தியானம் மகள் தூங்கியதும் நான் பின்னறைக்குப் போய்விடுவேன். அங்கே மேற்கே பார்த்த சன்னல் ஒன்று உண்டு. அதன் கம்பியில் ஒரு கல்யாண ஃபிளெக்ஸைத் திருப்பிக் கட்டியிருந்தோம். படம் அச்சான பக்கம் வெளியே சந்துப் பக்கம் பார்த்திருக்கும். வெறும் வெள்ளையான பின்பக்கம் அறையைப் பார்த்திருக்கும். அந்த வெள்ளையில்தான் நான் மார்க்கரால் கணினி நிரல் எழுதிப் பழகினேன்.

மூன்று மணிவரை அது வெறும் வெள்ளைதான். அதற்குப் பிறகு வெயில் மலைப்பக்கமாகச் சாயத் தொடங்கும். அப்போது துணிக்குள்ளிருந்து இரண்டு முகங்கள் மெல்ல மேலே வரும். முதலில் மாலைகளின் சிவப்பு, பிறகு மாப்பிள்ளையின் மீசை, கடைசியில் பெண்ணின் சிரிப்பு. என் லூப்புகளும் அடைப்புக்குறிகளும் அவர்கள் கன்னத்திலும் கழுத்திலும் எழுதப்பட்டிருப்பதுபோல் தெரியும். தூரத்தில் நூற்பாலை ஒரே சுருதியில் ஓடிக்கொண்டிருக்கும். எங்கிருந்தோ பஞ்சுத் துணுக்கு ஒன்று மிதந்து வந்து வெளிச்சத்தில் நிற்கும். நான் மார்க்கரைக் கையில் பிடித்தபடி, எழுதவந்தது என்ன என்பதை மறந்து, அந்தப் பெண்ணைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

அவர்கள் யாரென்று எங்களுக்குத் தெரியாது. அது எங்கள் கல்யாணப் படம் இல்லை.

எங்களுக்குக் காலையில் தேவாலயத்தில் கல்யாணம், மதியம் மண்டபத்தில் விருந்து என்று ஏற்பாடு. பிரியாணி வேலை இருந்ததால் முந்தின நாள் சாயங்காலமே மண்டபத்தை எடுத்திருந்தார்கள். நாங்கள் போய் இறங்கியபோது, அன்று காலையில் அங்கே முகூர்த்தம் முடித்திருந்த வீட்டார் இன்னும் முழுதாகக் கிளம்பியிருக்கவில்லை. வாசலில் அவர்களுடைய வாழைமரம். உள்ளே அவர்களுடைய சமையல்காரர் அண்டாவைக் கழுவிக்கொண்டிருக்க, எங்கள் சமையல்காரர் பக்கத்திலேயே வெங்காய மூட்டையை இறக்கினார். நுழைவாயிலின் மேலே அவர்களுடைய ஃபிளெக்ஸ். என் அம்மா அதை அண்ணாந்து பார்த்துப் பதறிவிட்டாள். "எம் பிள்ளை கல்யாணத்துக்கு வாரவுகள அடுத்த வீட்டுப் பொண்ணா வரவேற்கணும்? கழத்துங்க அதை மொதல்ல!"

காவல்காரர் ஏணி போட்டு அவிழ்த்ததில் பெயர் அச்சான அடி ஓரம் கிழிந்து போனது. சுருட்டிச் சுவரோரம் சாத்தினார். அடுத்த நாள் அன்பளிப்பும் பாத்திரமுமாக வண்டியில் ஏற்றியபோது அந்தச் சுருளும் எங்களோடு வந்துவிட்டது. எங்கள் ஃபிளெக்ஸ் யார் வீட்டுக்குப் போனது என்று இன்றுவரை தெரியாது. யாருடைய வீட்டிலாவது மழைக்கு விறகு மூடிக்கொண்டிருக்கும் என்று என் கணவர் சொல்வார். நாம் இரண்டு பேரும் விறகை நனையாமல் காக்கிறோம் என்பார்.

வருடங்கள் கழித்து அந்தச் சுருளைப் பரணிலிருந்து எடுத்துக் கொடுத்ததும் அவர்தான். எனக்கு இன்டர்வியூ வந்தபோது.

சென்னையில் மென்பொருள் வேலை பார்த்துக்கொண்டிருந்தவள் நான். கல்யாணத்துக்குப் பிறகு சில காலம் ராஜபாளையத்து வீட்டிலிருந்தே அந்த வேலையைச் செய்தேன். மகள் பிறக்கும் சமயத்தில் எல்லோரும் அலுவலகத்துக்குத் திரும்ப வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். விட்டுவிட்டேன். அவருக்குப் பக்கத்து ஊரில் பேண்டேஜ் துணி நெய்யும் தொழிற்கூடத்தில் மேற்பார்வை வேலை. அவரால் இடம் மாற முடியாது. அதற்குப் பிறகு நான் விண்ணப்பித்த எல்லா இடத்திலிருந்தும் சென்னை, பெங்களூரு என்றே பதில் வந்தது. இடைவெளி நீள நீள, பதில் வருவதும் குறைந்தது.

அப்போதுதான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சின்ன நிறுவனம் ஆள் எடுப்பதாகத் தெரிந்தது. கடைத்தெருவில் ஒரு மாடி. மண்டபங்கள், தங்கும் விடுதிகள் எல்லாவற்றுக்கும் முன்பதிவு மென்பொருள் செய்கிறவர்கள். ஒரே ஒரு இடம். காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம் மகளிடம் திரும்பிவிடலாம். வேலையும் மகளும் ஒரே நாளுக்குள் அடங்குகிற இடம் என் வாழ்க்கையில் அது ஒன்றுதான் என்று அப்போது தோன்றியது. இது போனால் இனி விண்ணப்பம் போடுவதில்லை என்று எனக்குள்ளேயே முடிவு செய்திருந்தேன். அதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் உண்மையாகிவிடும் என்று பயம்.

தேர்வு ஒயிட் போர்டில் என்றார்கள். கணினி கிடையாது. எதிரே இரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் கேட்கிற கணக்குக்குப் பலகையில் நின்றபடி நிரல் எழுத வேண்டும்.

கல்லூரித் தோழி ஒருத்தி சென்னையில் இருக்கிறாள். அவளே இப்போது அப்படி எதிரே உட்கார்ந்து ஆள் எடுக்கிறவள். போனில் கேட்டேன்: "எழுதுறது அச்சு அசலா சரியா இருக்கணுமா?"

"ஏட்டி, எவளும் செமிகோலன் எண்ண மாட்டா. நீ யோசிக்கியா இல்லையான்னுதான் பாப்பாங்க."

"அப்ப தப்பு இருந்தாப் பரவாயில்லையா?"

"பரவாயில்லைன்னு நான் சொல்லலியே."

"அப்ப இருக்கக் கூடாதா?"

"நீ கல்யாணத்துல புடவை மடிப்ப எண்ணிக்கிட்டு நின்னவதான? அப்பிடி நிக்காதன்னு சொல்லுதேன். போர்டுல ஒரு அடைப்புக்குறி போச்சுன்னா யாரும் சாகமாட்டாக."

போனை வைத்ததும் நிம்மதி வந்தது. செத்த நேரம்தான் இருந்தது. அன்றே ஒரு வீடியோவில் ஒருவர், பலகையில் எழுதியதை அப்படியே எடுத்து ஓட்டினால் ஓட வேண்டும், இல்லையென்றால் வேறு ஆளைப் பார்ப்போம் என்றார். இன்னொருவர் அதைப் பார்த்துச் சிரித்தார். மூன்றாமவர், எல்லாம் எதிரே இருக்கிற ஆளைப் பொறுத்தது என்றார். எனக்கு மூன்று பேர் சொன்னதும் சரியாகத்தான் பட்டது. என் கோளாறே அதுதான்.

ஃபிளெக்ஸில் எழுதியதை அழிக்க என் கணவர் பேண்டேஜ் துணி கொண்டுவந்து கொடுத்தார். நெசவில் ஓரம் பிசகி ஒதுக்கிய துண்டுகள். சானிடைசரில் நனைத்துத் துடைத்தால் மார்க்கர் மை போய்விடும். முழுதாகப் போகாது. நீல நிழலாக நிற்கும். நான் ஒரு வரி எழுதுவேன், சந்தேகம் வரும், துடைப்பேன். அதையே மறுபடி எழுதுவேன். ஒரு மத்தியானத்தின் முடிவில் துணியெல்லாம் நீலமாகியிருக்கும். பலகையில் நாலு வரிகூட இருக்காது.

ஒருநாள் மாமியார் எட்டிப் பார்த்தார். அவரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன்.

"என்னட்டி இது, எழுதுறதவிட தொடைக்கிறது கூட இருக்கு?"

"சரியா வரல அத்தை."

"சந்துல காய்க்காரி கேக்கா, உங்க வீட்டுல எந்தப் பிள்ளைக்குக் கல்யாணம்னு. தெனமும் அந்த ரெண்டு பேரையும் பாத்துப் பாத்து அவளுக்குப் பழக்கமாயிருச்சு. மாப்பிள்ளை ஊரு எதுங்கா. நான் என்னத்தச் சொல்ல?"

"என்ன சொன்னீங்க?"

"ரெண்டு பேரும் நல்லாருக்காகன்னு சொல்லிட்டேன்."

மகளுக்கு மூன்று வயது முடிந்திருந்தது. தூக்கம் கலைந்தால் நேரே என் பின்னால் வந்து நிற்பாள். வெயிலில் முகங்கள் தெரிகிற நேரமாக இருந்தால், "அத்த வந்துட்டாக" என்று அந்தப் பெண்ணைக் காட்டுவாள். தானும் மார்க்கர் கேட்பாள். எட்டுகிற உயரத்தில் வட்டங்கள் போடுவாள். அதை நான் துடைக்கப் போனால் அழுவாள். அதனால் ஃபிளெக்ஸின் கீழ்ப்பாதி அவளுடையதாகிவிட்டது. அங்கே யாரும் எதையும் அழிப்பதில்லை. வட்டங்களின் மேல் வட்டங்கள், எல்லாம் அவளுக்குச் சரியான வட்டங்கள்.

வேலை கிடைத்தால் அவளைப் பார்த்துக்கொள்ள அத்தை சம்மதித்திருந்தார். ஒரே ஒரு நிபந்தனை. சாயங்காலம் அவர் ஜெபக்கூட்டத்துக்குக் கிளம்புவதற்குள் நான் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். "அது ஆண்டவருக்குக் குடுத்த நேரம். அதுல நீ கை வைக்கக் கூடாது" என்றார். கறாராகத்தான் சொன்னார். பிறகு, "பிள்ளைய நான் பாத்துக்கிடுவேன். நீ போயி எழுதிட்டு வா" என்றார்.

இன்டர்வியூ அன்று பஸ்ஸில் சன்னலோரம் கிடைத்தது. இரவு மழை பெய்திருந்தது. மலையை மேகம் பாதி தின்றிருந்தது. முன்சீட்டில் பூ வைத்திருந்த பெண் திரும்பியபோது எனக்கு ஃபிளெக்ஸ் பெண்ணின் சாடை தெரிந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் நெருங்கும்போது ஏறிய இன்னொருத்தியிடமும் தெரிந்தது. எத்தனையோ மத்தியானங்களாக ஒரே முகத்தைப் பார்த்தவளுக்கு ஊரெல்லாம் அந்த முகமாகத் தெரிவதில் ஆச்சரியமில்லை. இருந்தாலும் அவளை நேரில் பார்த்தால் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனேன். உங்கள் மேலேதான் நான் படித்தேன் என்று சொல்ல முடியுமா?

மாடியில் ஒரு அறை. கீழே பால் காய்ச்சுகிற வாசம் படியேறி வந்தது. எதிரே ஒரு மேலாளர், வயதானவர் இல்லை, ஆனால் முன்தலை வழுக்கை. பக்கத்தில் என் வயதில் ஒரு பெண், மூத்த நிரலாளர். அவளும் உள்ளூர்க்காரி என்பது முதல் வாக்கியத்திலேயே தெரிந்துவிட்டது.

கேள்வியை அவள்தான் சொன்னாள். ஒரு மண்டபம். ஏற்கெனவே பதிவான விசேஷங்களின் பட்டியல் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் வருகிற நாள், காலி செய்கிற நாள். புதிதாக ஒருவர் வந்து இந்த நாளிலிருந்து இந்த நாள்வரை வேண்டும் என்கிறார். கொடுக்கலாமா, கூடாதா? நிரல் சொல்ல வேண்டும்.

மார்க்கரை எடுத்து எழுதத் தொடங்கினேன். பட்டியலில் ஒவ்வொரு பதிவாகப் பார்க்க வேண்டும். புதியவர் வருகிற நாள், பழையவர் போகிற நாளுக்கு முந்தியதா? பழையவர் வருகிற நாள், புதியவர் போகிற நாளுக்கு முந்தியதா? இரண்டும் ஆம் என்றால் மோதல், இல்லை என்று சொல்லிவிடலாம். கடைசிவரை எதனோடும் மோதவில்லையென்றால் கொடுக்கலாம்.

முந்தியதா என்பதற்கு 'சிறியது' குறியைப் போட்டேன். போட்டதுமே சந்தேகம். ஒரே நாளாக இருந்தால்? எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு வரியிலும் குறிக்குக் கீழே ஒரு கோடு இழுத்து, 'சிறியது அல்லது சமம்' என்று ஆக்கினேன். அதுதான் பத்திரமாகத் தோன்றியது. பிறகு அந்தக் கோடு சரியாக விழவில்லை என்று வரியை அழிக்க நினைத்தேன். அவர்களுடைய டஸ்டர் கறுத்துப்போயிருந்தது. பழக்கதோஷத்தில் கைப்பையைத் திறந்து என் பேண்டேஜ் துணிச் சுருளை எடுத்துவிட்டேன்.

மேலாளர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். "என்னம்மா, கையில எதுவும் பட்டுருச்சா?"

"இல்ல சார். அழிக்கதுக்கு."

"அழிக்கதுக்கா? நான் கட்டுப் போடப்போறீயளோன்னு பயந்துட்டேன்."

அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு, "அழிச்சுக்கிட்டே இருக்காதீங்க, நேரம் போகுது. இப்பிடியே வச்சுக் கேக்கேன்" என்றாள். "ஒரு வீட்டுக்காரங்க அஞ்சாம் தேதி காலி பண்றாங்க. இன்னொரு வீட்டுக்காரங்க அஞ்சாம் தேதியிலருந்து கேக்காங்க. உங்க கோடு என்ன சொல்லும்?"

"இடம் இல்லைன்னு சொல்லும்."

"சரிதானா?"

சரிதானா. நாள் முழுக்க என்னையே நான் கேட்டுக்கொள்கிற கேள்வி. இப்போது அது வேறொருவர் வாயிலிருந்து வந்தது. பலகையைப் பார்த்தேன். வெள்ளைப் பலகை, பின்னால் சுவர், வெயிலே இல்லை. ஆனாலும் என் வரிகளுக்கு அடியிலிருந்து மாலையின் சிவப்பு மேலே வருவதுபோல் இருந்தது. மீசை வந்தது. பெண்ணின் சிரிப்பு வந்தது. அண்டா கழுவுகிற சத்தம் கேட்டது, வெங்காய மூட்டை இறங்குகிற சத்தம் கேட்டது. வாசலில் அவர்களுடைய வாழைமரம் நிற்க, எங்கள் வண்டி உள்ளே நுழைந்தது.

"மேடம், மத்தியானத்துக்குள்ள காலி பண்ணணும், சாயங்காலம் அடுத்தவங்க வரலாம்னு அந்த மண்டபத்துல முறை இருக்கா?" என்று கேட்டேன்.

"இருக்குன்னா?"

"இருந்தா இந்தக் கோடு தப்பு. சமம் வரக் கூடாது. எங்க கல்யாணத்துல அப்பிடித்தான் நடந்துச்சு."

சொல்லத் தொடங்கியபிறகு நிறுத்த முடியவில்லை. இரண்டு சமையல்காரர்கள், அம்மாவின் பதற்றம், மாறிவந்த ஃபிளெக்ஸ், அதன் பின்பக்கத்தில் எழுதிப் படித்தது, காய்க்காரி கேட்டது. மேலாளர் விழுந்து விழுந்து சிரித்தார். அந்தப் பெண் மட்டும் சிரிப்பு அடங்கியதும், "இந்தக் கேள்விய நீங்க எழுத ஆரம்பிக்கதுக்கு முன்னாலயே கேட்டிருக்கணும்" என்றாள். கடுமையாக இல்லை. ஆனால் சொன்னாள்.

நான் இரண்டு வரிகளையும் அழித்துக் கோடில்லாமல் எழுதினேன். துணி இழுத்ததில் கீழ்வரிகளும் கலைந்துவிட்டன. அவற்றையும் வேகவேகமாக எழுதி முடித்தேன். அந்தப் பெண் எழுந்து வந்து தன் போனில் பலகையைப் படம் எடுத்துக்கொண்டாள். "சொல்லி அனுப்புறோம்" என்றார் மேலாளர்.

திரும்பும் பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டேன். மூடிய இமைக்குள் பலகை அப்படியே நின்றது. ஒவ்வொரு வரியாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். கடைசியில் கலைந்து மறுபடி எழுதிய இடத்துக்கு வந்ததும் கண் திறந்துவிட்டது.

'கொடுக்கலாம்' என்கிற வரியை, லூப்பை மூடும் அடைப்புக்குறிக்கு முன்னாலேயே எழுதியிருந்தேன். லூப்புக்கு வெளியே வரவேண்டிய வரி உள்ளே இருந்தது. அப்படி எழுதினால் நிரல் பட்டியலின் முதல் பதிவை மட்டும் பார்க்கும். அதனோடு மோதவில்லை என்றால், மற்ற யாரையும் பார்க்காமல், மண்டபம் காலி என்று சொல்லிவிடும். நூறு வீட்டார் முன்பதிவு செய்திருந்தாலும் ஒரே ஒரு வீட்டாரைக் கேட்டுவிட்டுச் சாவியைத் தூக்கிக் கொடுத்துவிடும்.

தோழி அடைப்புக்குறியால் யாரும் சாகமாட்டார்கள் என்றாளே. இங்கே ஒரு முகூர்த்தத்தில் இரண்டு தாலி ஏறும்போலிருந்தது.

வீட்டில் மகளை மடியில் வைத்துக்கொண்டு எதையும் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன். கணவர் தட்டைப் பக்கத்தில் நகர்த்தினார்.

"ஒரு அடைப்புக்குறிக்கா இம்புட்டு?"

"இடம் மாறிப் போச்சுங்க. அர்த்தமே மாறிப் போச்சு."

"அவங்க பாத்தாங்களா?"

"படம் எடுத்துருக்காங்க."

அவர் யோசித்தார். "எங்க கம்பெனியில துணி ஓரத்துல நூல் பிரிஞ்சிருந்தாக் கத்தரிச்சு அனுப்பிருவோம். நெசவே பிசகுனா அனுப்ப மாட்டோம்."

"என்னுது நூலா, நெசவா?"

"அதத்தான் நானும் யோசிக்கேன்" என்றார். ஆறுதல் சொல்லத் தெரியாத மனிதர். நூலா நெசவா என்று அவருக்கும் தெரியவில்லை என்பதில் எனக்கு ஏதோ ஒரு ஆறுதல் இருந்தது.

தோழியைக் கூப்பிட்டேன். "அவங்களுக்குச் சொல்லிறட்டுமா?"

"என்னன்னு சொல்லுவ? அம்மா தாயே, நான் எழுதுனது தப்பு, எனக்கு வேலை தராதீகன்னா? பேசாம படுடி."

படுத்தேன். மகளின் கை என் கழுத்தில் கிடந்தது. சொல்லலாமா வேண்டாமா என்று புரண்டதில், தூக்கத்துக்குள் எப்போது நழுவினேன் என்று தெரியவில்லை. கனவில் ஒரு மண்டபம். வாசல் நிறைய ஃபிளெக்ஸ்கள், ஒன்றன்மேல் ஒன்றாக. எல்லாவற்றிலும் ஒரே பெண். நான் ஒவ்வொன்றாக அவிழ்க்கிறேன், அடியில் இன்னொன்று இருக்கிறது. அவள் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் வேறுமாதிரிச் சிரிக்கிறாள்.

மறுநாள் காலையில் மேலாளர் போன் செய்தார். "நாளைக்கு ஒருக்கா வாரீயளா? நீங்க எழுதுனத மிஷின்ல போட்டு ஓட்டிப் பாப்போம்."

ஓட்டிப் பார்க்கப் போகிறார்கள். அந்த வீடியோக்காரர் சொன்னது இதுதான்.

இரண்டாம் தடவை போனபோது பலகை துடைக்கப்பட்டிருந்தது. மேசையில் ஒரு கணினி, பக்கத்தில் என் கையெழுத்தின் படம், தாளில் அச்சடித்து. நீல எழுத்துகள், ஓரத்தில் என் துணி இழுத்த தீற்றல். அந்த மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டாள். "பலகையில உள்ளது உள்ளபடி அடிங்க" என்றாள்.

அடித்தேன். எல்லாவற்றையும், அந்த வரியையும், அது நின்ற இடத்திலேயே. விரல் ஓட்டும் பொத்தானுக்குப் பக்கத்தில் போனது. சரி செய்தே அடித்திருக்கலாமோ என்று ஒரு நொடி தோன்றியது. இல்லை, உள்ளபடி என்றுதானே சொன்னார்கள்? அப்படியென்றால் சொல்லாமலே ஓட்டலாமோ? அந்த நொடியில் எனக்குள் இருந்த எல்லாச் சந்தேகங்களும் ஒன்றாகப் பேசின. ஆனால் நான் வாய்விட்டுச் சொன்னது அவற்றில் எதுவும் இல்லை.

"மேடம், இது ஓடும். ஆனா தப்பாச் சொல்லும்."

மேலாளர் தலையைத் தூக்கினார். "எங்க?"

"இந்த வரி உள்ள மாட்டிக்கிடுச்சு. மொதக் கல்யாணத்த மட்டுந்தான் பாக்கும். பஸ்ல போகும்போதே தெரிஞ்சிருச்சு சார்."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?" என்றாள் அவள்.

"சொல்லணும்னுதான் இருந்துச்சு. சொன்னா என்ன நெனைப்பீங்களோன்னு இருந்துச்சு. விடிஞ்சதும் சார் போன் பண்ணிட்டாங்க."

"சரி, ஓட்டுங்க" என்றார் மேலாளர்.

ஓட்டினேன். ஓடவே இல்லை. நான் சொன்னதுகூடத் தப்பு. ஒரு செமிகோலனும் எங்கோ ஒரு எழுத்தும் விட்டுப்போயிருந்ததை மிஷின் சிவப்பாகக் காட்டியது. அந்த இரண்டையும் போட எனக்கு மூச்சுவிடுகிற நேரம்கூட ஆகவில்லை. எத்தனை மத்தியானம் அதற்காகத் துணியை நீலமாக்கினேன்! மறுபடி ஓட்டினேன். இப்போது ஓடியது. முதல் கல்யாணத்தின் நாளைத் தவிர எல்லா நாளும் மண்டபம் காலி என்று சந்தோஷமாகச் சொன்னது. மிஷின் ஒரு முனகல்கூட முனகவில்லை. வரியை வெளியே கொண்டுவந்தேன். சரியாகச் சொன்னது.

பிறகு அந்தப் பெண் என் கைக்கு மேலாக நீண்டு 'சிறியது' குறிக்குப் பக்கத்தில் ஒரு சமக்குறியைச் சேர்த்து ஓட்டிக் காட்டினாள். அதையும் மிஷின் மறுப்பில்லாமல் ஏற்றுக்கொண்டது. அஞ்சாம் தேதி இடமில்லை என்றது. "பாத்தீங்களா, இந்த மாதிரித் தப்புக்கு மிஷின் கத்தாது" என்றாள். சமக்குறியை எடுத்துவிட்டாள்.

மேலாளர், "எந்த நேரத்துக்குள்ள வீட்டுக்குப் போகணும் உங்களுக்கு?" என்று கேட்டார். சொன்னேன். "அதுக்குத் தகுந்த மாதிரி காலையில வந்துருங்க" என்றார். அதுதான் வேலை கிடைத்த செய்தி என்று எனக்குப் புரியவில்லை. அவர் படியிறங்கிப் போன பிறகு அந்தப் பெண் சொல்லித்தான் தெரிந்தது.

எனக்கு அப்போதும் ஆறவில்லை. "மேடம், பலகையில நான் தப்பில்லாம எழுதியிருந்தா?"

"நேத்தைக்கே சரின்னு சொல்லிருப்போம். ஒரு ராத்திரி நல்லாத் தூங்கியிருப்பீங்க" என்றாள். பிறகு, "அந்த ஃபிளெக்ஸ ஒருநா கொண்டுவாங்க. யாருன்னு பாப்போம். எங்க சொந்தத்துல யாராவது இருந்தாலும் இருக்கும்" என்று சிரித்தாள். சிரித்தபோது எனக்கு ஒரு கணம் தூக்கிவாரிப்போட்டது. அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும்போல் இருந்தது. பஸ்ஸில் பார்த்த பெண்களிடமும் அப்படித்தானே இருந்தது என்று என்னையே அடக்கிக்கொண்டேன். ஃபிளெக்ஸை நான் இன்னும் கொண்டுபோகவில்லை. பழைய ஃபிளெக்ஸைச் சுமந்துபோவானேன் என்று ஒரு பக்கம் இருக்கிறது. மகள் தன் வட்டங்களைத் தரமாட்டாள் என்பதும் இருக்கிறது. படத்திலிருப்பது அந்த மேடம்தான் என்றால் என்ன செய்வது, இல்லையென்றால் என்ன செய்வது என்று இரண்டும் இருக்கிறது.

வேலையில் சேர்ந்த முதல் நாள் சாயங்காலம் பஸ் வழியில் நின்றுவிட்டது. ரோட்டோரம் ஒரு மண்டபம். ஒரு வேன் வெளியே வரப்பார்க்க, ஒரு வேன் உள்ளே போகப்பார்க்க, இரண்டும் வாசலில் முட்டிக்கொள்ளாமல் நெளிந்துகொண்டிருந்தன. ஏணியில் ஒருவர் நின்று ஒரு ஃபிளெக்ஸை அவிழ்த்தார். கீழே இன்னொருவர் புதியதைச் சுருள் பிரித்துப் பிடித்திருந்தார். சாயங்கால வெளிச்சத்தில் ஒரு கணம் இரண்டு ஃபிளெக்ஸிலும் இருந்த நாலு பேரும் ஒன்றாகச் சிரித்தார்கள். கண்டக்டர், "ஏலே, ஒதுக்குலே வண்டிய! நாங்க வீட்டுக்குப் போக வேண்டாமா?" என்று படியில் தொங்கியபடி கத்தினார். நான் கைக்கடிகாரத்தையும் வாசலையும் மாறிமாறிப் பார்த்தேன். ஜெபக்கூட்ட நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. முதல் நாளே தவறப்போகிறேனா? கடைசியில் ஒரு வேன் வெளியே வந்தது, அதே வேகத்தில் மற்றது உள்ளே போனது. பஸ் கிளம்பியது.

தெருமுனையிலிருந்து ஓடித்தான் வந்தேன். அத்தை வேதாகமத்தையும் குடையையும் ஒரு கையில் வைத்துக்கொண்டு, மறுகையில் என் மகளை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, செருப்பு மாட்டியபடி வாசற்படியில் நின்றிருந்தார்.

"வந்துட்டியா? இந்தா பிடி உம் பிள்ளைய. மத்தியானம் பூரா ஸ்டூல்ல ஏறி நின்னு உம் போர்டுல எழுதிட்டா, மேல்பாதியும் போச்சு."

"மன்னிச்சுக்கோங்க அத்தை, பஸ் நின்னுபோச்சு."

"எதுக்கு மன்னிப்பு? நான் இன்னும் எறங்கலியே."

நான் படியில் ஏற, அவர் படியில் இறங்கினார். மகள் ஓர் இடுப்பிலிருந்து இன்னொரு இடுப்புக்கு வந்தாள். அவள் உள்ளங்கையெல்லாம் நீலம். திறந்திருந்த கதவு திறந்தபடியே இருந்தது.